பால்குடம் எடுக்க மாட்டேன்

அன்பு அம்மாவுக்கு, யோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? ஜெலாப்பாங்கில் அத்தை வீட்டில் நான் நலம்.

அரிசி டின்னில் ஒளித்திருந்த என் பைபிளை நேற்று அத்தை கண்டுபிடித்துவிட்டார். “இதையும் போட்டு வடிக்கவாடி? உங்கம்மா தைப்பூசத்துக்கு உனக்குப் பால்குடம் நேர்ந்திருக்காங்க லா” என்றார். சிரித்துவிட்டேன். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். எல்லாரும் தூங்கியபின் குளியலறையில் எழுதுகிறேன்.

ஆனாலும் எடுக்க மாட்டேன் அம்மா. தேர்வு பயத்தில் வாந்தியெடுத்துக் கிடந்தவள், இயேசுவிடம் ஜெபிக்கத் தொடங்கிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அப்பா அடித்தாலும் அந்த நிம்மதியை விடமாட்டேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்குள்ளதில் உங்கள் வாசம் இல்லை.

தைப்பூசத்தன்று நீங்கள் குடம் எடுத்தால், முழங்கால் வலிக்காதபடி உங்கள் கைபிடித்துக் கூடவே நடப்பேன். என் தலையில் மட்டும் வைக்காதீர்கள்.

அத்தை கதவைத் தட்டுகிறார்.

உங்கள் மகள்
யோகேஸ்வரி