காலி வட்டம்

சத்யாவுக்கு,

நேற்று நம் பள்ளி மைதானத்தில் மறுபடியும் அரிசி கொடுத்தார்கள். யாருக்கும் முகக்கவசம் இல்லை; தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

கொரோனா நிவாரணத்தன்று அங்கே சுண்ணாம்பு வட்டங்கள் போட்டதும், வாசலில் காய்ச்சல் பார்த்ததும் நான்தானே. என் அப்பாவுக்கு நூற்றிரண்டு காட்டியது. "மொளகுத் தோட்டத்துல இருந்து வெயில்ல ஏறி வந்த சூடு கண்ணு" என்றார். நோட்டில் தொண்ணூற்றெட்டு என்று எழுதி உள்ளே விட்டேன். வரிசையில் அவருக்குத் தலை சுற்றியபோது, அடுத்த வட்டத்திலிருந்து ஓடிவந்து தாங்கிப் பிடித்தது உன் அம்மா.

அப்பா பிழைத்துக்கொண்டார்; உன் அம்மா பிழைக்கவில்லை. அம்மாவுக்கு எங்கே தொற்றியது என்று நீ கேட்டபோது, தெரியாது என்றேன்.

நேற்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வட்டம் அளவு இடம் விட்டு நின்றேன். பின்னாலிருந்தவர், "ஏனுங்க, முன்னால ஆளில்லீங்களே, நகருங்க" என்றார்.

என்னால் நகர முடியவில்லை.

உன்னிடம் பொய் சொன்னவள்