பாதிக் கொடுவா

முத்துப்பேட்டை
18-2-2024

அன்புள்ள மேகலாவுக்கு,

நலம். நீயும் சூர்யா குடும்பமும் நலமா? போனில் என்ன கேட்டாலும் "ம், ம்" என்கிறாய். மருமகள் ஹாலில் இருக்கிறாள் போல என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதலாம் என்று இன்லண்ட் லெட்டர் வாங்கினேன்.

சம்பா அறுத்து உளுந்தும் தெளித்தாயிற்று. இனி வயலுக்கு நான் வேண்டாம். சாயந்திரமானால் வீட்டில் இருக்க முடியவில்லை. நடந்து நடந்து, அலையாத்திக் காட்டுக்குப் படகு புறப்படும் சிமெண்டுத் துறைவரைக்கும் போய்விடுகிறேன். அங்கே சுஹைப் என்று ஒருவர் தினமும் தூண்டில் போடுகிறார். பஜாரில் செருப்புக் கடை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றேன். "அண்ணே, இப்படி உத்துப் பாத்தா மீனுக்குக் கூச்சமா இருக்காதா? இந்தாங்க, புடிங்க" என்று தன் கம்பையே என் கையில் கொடுத்துவிட்டார்.

மீன் முதல் கொத்து கொத்தியதும் நான், நாற்றுப் பறிப்பதுபோல வெடுக்கென்று இழுத்தேன். இரைக்கு மாட்டிய இறாலும் போச்சு, முள்ளும் போச்சு. "இது நாத்தங்கால் இல்லண்ணே! அது ருசி பாக்கட்டும், கவ்விக்கிட்டு ஓடட்டும், அப்புறம் தூக்குங்க" என்று வேறு முள் கட்டிக் கொடுத்தார். கோபமே வராத மனுஷன்.

ஆறு மாதம் என்று சொல்லிப் போனவள் நீ. மூன்று வருஷம் ஆகப்போகிறது. எப்போது வருகிறாய்?

குணசேகரன்


பெங்களூரு
27-2-2024

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். நாற்றங்கால் கதைக்குச் சிரித்தது வெளியே கேட்டுவிட்டது.

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். "அவ ஆபீஸ் போகணும்லம்மா, சாயங்காலம் பாப்பாவ யாரு பாத்துப்பா?" என்கிறான் உங்கள் பிள்ளை. நீங்களே வந்துவிடுங்களேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் என்ன? எத்தனை தடவை கேட்டுவிட்டேன். பதினோராவது மாடியில் எனக்குப் பேச ஆளில்லை. லிஃப்டில் ஒரு கன்னடத்து அம்மா சிரிப்பார், நானும் சிரிப்பேன். அத்தோடு சரி.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

மேகலா


முத்துப்பேட்டை
10-3-2024

அன்புள்ள மேகலாவுக்கு,

சுஹைப்புக்கு ஒரு கொடுவா மாட்டியது. அடேயப்பா, முழங்கை நீளம்! எனக்கு அன்று ஒன்றுமில்லை. துறைக்கு வந்த யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது அவருடைய வழக்கம். அங்கேயே அறுத்துப் பாதியை என் பையில் போட்டார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே! "மச்சிக்குக் கொண்டுபோய்க் குடுங்கண்ணே" என்கிறார்; அண்ணியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். நீ ஊரில் இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மீனோடு அடுக்களையில் நின்றேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு புளி கரைப்பது? ஏதோ வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இறங்கவில்லை. மீதியைப் பக்கத்து வீட்டுத் தங்கமணிக்குக் கொடுத்துவிட்டேன்.

குத்தகைப் பேச்சை மட்டும் எடுக்காதே. மண்ணை விட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து நான் என்ன பண்ணுவேன்?

குணசேகரன்


பெங்களூரு
19-3-2024

என்னங்க,

கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சாயங்காலம் என்னோடு சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா? அந்தத் துறைக்கு ஒரு தடவை அழைத்துப் போங்கள் என்று எத்தனை நாள் கெஞ்சினேன்? தண்ணி பாய்ச்சணும், ஆள் வரும், உரம் வரும் என்பீர்கள். இப்போது யாரோ ஒருவர் பக்கத்தில் இருட்டும்வரை உட்கார உங்களால் முடிகிறது. எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது. நன்றாக எரிகிறது. எழுதிவிட்டேன்.

மேகலா


முத்துப்பேட்டை
31-3-2024

மேகலா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நேற்று துறையில் சுஹைப்பிடம் நீ ஊரில் இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். அவர் கம்பை மடக்கி வைத்துவிட்டு, "அப்ப எங்கூட என்னண்ணே உக்காந்திருக்கீங்க? கிளம்புங்க" என்று அதட்டினார்.

பக்கத்து வயல் அமிர்தலிங்கத்திடம் பேசிவிட்டேன். உளுந்து பறித்ததும் நிலம் அவர் பொறுப்பு. சூர்யாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நான் வருகிறேன். நீ இருக்கிற இடத்தில் இருக்கிறேன்.

குணசேகரன்


பெங்களூரு
9-4-2024

என்னங்க,

வராதீர்கள்.

நான்தானே கூப்பிட்டேன், இவளுக்குப் பைத்தியமா என்று நினைப்பீர்கள். கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். அன்று ராத்திரி சாப்பாட்டில் சூர்யா சொன்னான்: "அப்பா வந்தா நல்லதுதான். காலைல பால், ஸ்கூல் பஸ், கரண்ட் பில்லு எல்லாம் அவரே பாத்துப்பாரு." அவன் கெட்டவன் இல்லை. பாசமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேலையாக ஓடிக்கொண்டிருப்போம். நீங்கள் கீழே கேட்டில் பஸ்ஸுக்கு நிற்பீர்கள், நான் மேலே பாத்திரம் தேய்ப்பேன். சும்மா உட்கார இங்கே இடமே இல்லைங்க. உங்களை அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

அமிர்தலிங்கம் அண்ணனிடம் நிலத்தைத் திரும்பக் கேளுங்கள். சுஹைப் தம்பியிடம் அக்கா கேட்டதாகச் சொல்லுங்கள். நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் சாயங்காலமானால் துறைக்குப் போங்கள். எனக்கும் சேர்த்து நீங்களே உட்கார்ந்திருங்கள்.

மேகலா