தானாகத் திரும்பிய தலை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் சின்னவள் எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

நேற்று காலை பிரசவ வார்டில், டாக்டர் வருவதற்குள் ஒரு குழந்தை அவசரப்பட்டுவிட்டது. பக்கத்தில் நான் மட்டும்தான். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தலை வெளியே வந்ததும் தானாகப் பக்கவாட்டில் திரும்பும் என்று நர்சிங் பரீட்சையில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். ஆனால் அம்மா, அது நிஜமாகவே திரும்பியது! நான் அசைக்கவே இல்லை. யாரோ கூப்பிட்டதைப் போல என் உள்ளங்கையில் மெல்லத் திரும்பியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

குழந்தையை மார்பில் போட்டதும், "நீங்க ஏன் சிஸ்டர் அழுறீங்க?" என்று பெற்றவள் கேட்டாள்.

"எனக்கு இதுதான் முதல் குழந்தை" என்று உளறினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கு மூணாவது. நீங்க நல்லாத்தான் புடிச்சீங்க."

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. இங்கே தலையணை உறையெல்லாம் மொடமொடவென்று இருக்கிறது. துவைக்க வேண்டாம், கட்டியதை அப்படியே அனுப்பு.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல். நான் பிறந்தபோது என் தலை யார் கையில் திரும்பியது?