மூன்றாவது கழுதை

ஜூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று பலம். முற்றம் முழுக்க மணல். பிரஷர் குளிசை 6.00. ஹெட்செட் 6.20.

இன்றுடன் 27 நாள், வெளிநாடு போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கணினியில் கட்டிய மெய்நிகர் மன்னாருக்குள். மாதா கோவிலுக்குப் படி 11 வைத்திருக்கிறார்கள், உண்மையில் 9. நாற்பது வருடம் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவனுக்கு உறுத்துகிறது. சொல்லவில்லை.

முதல் நாள் உருவம் தெரிவு செய்யச் சொன்னபோது கழுதையைத் தொட்டேன். மகள் யசிந்தா சிரித்தாள். "இவ்வளவு வடிவான ஆக்கள் நிக்க, கழுதையோ அப்பா?"

"கழுதையோட ஆரும் கதைக்க வரமாட்டினம்."

கணக்குப் பாதி பிழை. கோவில் வாசலில் அவர்கள் அலங்காரத்துக்கு வைத்த பொம்மைக் கழுதைகள் இரண்டு. பெயரை மறைத்து, மைக்கை அடைத்து நான் மூன்றாவதாக நிற்கிறேன். மலர் என்னையும் பொம்மை என்றே நினைக்கிறார். கனடாவிலிருந்து வருபவர். மஞ்சள் சட்டைக் குமரியின் உருவம், எழுபது வயதுக் குரல்.

"என்னடா, இண்டைக்கும் நீதான் காவலோ?"

படியில் அமர்ந்து செபமாலை சொல்வார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மாதா செபத்தின் முதற்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். மறுபாதி சொல்லும் கணவர் மாசி மாதம் இறந்துவிட்டார். அந்த மௌனம் சரியாக மறுபாதியின் நீளம். பிறகு அடுத்த மணி.

நானும் இங்கே கதிரையில் இருந்து மறுபாதி சொல்கிறேன். மைக் அடைத்தபடிதான்.

ஜூலை 9, புதன்

வாங்க: சீலா மீன், தேசிக்காய், கூரை ஆணி.

மலர் இன்று செபம் முடிந்தும் போகவில்லை. கணவரின் கடைசிக் கிழமையில் அவரிடம் கத்திய சொற்களைச் சொன்னார். அப்படியே சொன்னார். இங்கே எழுத மாட்டேன்.

"பிள்ளையளுக்கும் சொல்லேல்லை. உனக்குச் சொல்லலாம். நீ வாயில்லாத சீவன்."

ஹெட்செட்டைக் கழற்றினேன். அந்தரங்கம் கேட்ட குற்றம். 28 நாள்.

ஜூலை 10, வியாழன்

பூசைக்குப் பின் பங்குச் சுவாமியிடம் என்ன செய்வதென்று கேட்டேன். விளக்கவே பத்து நிமிடம்.

"கழுதையா நிண்டு கேட்டனீங்களோ?"

"ஓம் ஃபாதர்."

"ஒண்டு, வாயைத் திறவுங்கோ. இல்லாட்டி அங்கால போய் நில்லுங்கோ." சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார்.

நியாயம். ஆனால் வாயைத் திறந்தால் மலர் பயந்து ஓடுவார். ஓடாவிட்டால் வெட்கப்படுவார். எது மோசம்?

ஜூலை 12, சனி

நேற்றுப் போகவில்லை. இன்று போனேன். மலர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கயடா போனனீ? நேத்து ரெண்டைத்தான் கண்டன்." பிறகு, "நாளையோட நிப்பாட்டப் போறன். மறுமொழி இல்லாமச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. மகளும் பேசுறாள், ஆரோடயம்மா கதைக்கிறியளெண்டு."

மன்னிப்பு வசனம் மூன்று விதமாக எழுதினேன். மூன்றும் கந்தோர்க் கடிதம். கிழித்தேன்.

யசிந்தா: "அந்தக் கழுதைக் கணக்கை அழிச்சுப்போட்டுப் பேசாம இருங்கோ அப்பா."

இலகுவான வழி. எனக்குப் பழகியதும்.

ஜூலை 13, ஞாயிறு

காற்றுக் குறைவு. குளிசை மறந்துவிட்டேன். 6.31 மலர் வந்தார்.

முதற்பத்து மணிகள். இரண்டாம் பத்து. இரண்டு தடவை மைக்கில் விரல் வைத்து எடுத்தேன். மூன்றாம் பத்தில், ஏழாம் மணியில், அவர் நிறுத்தியதும் திறந்தேன். "புனித மரியே" என்று தொடங்கி ஆமென் வரை ஒரே மூச்சில்.

மஞ்சள் சட்டை எழும்பிவிட்டது.

"ஆரது?"

"நான்... மன்னாரில பேசாலை ஊர் ஆள். வயசான மனிசன். இந்தக் கழுதை நான்தான்."

"எத்தினை நாளா?"

"இண்டைக்கு முப்பத்திரண்டு. வெள்ளி மட்டும் வரேல்லை."

"புதனும் நிண்டனீங்களோ?"

"ஓம். மன்னிக்க வேணும்."

அவர் பக்கத்தில் எங்கோ தண்ணீர்க் குழாய்ச் சத்தம். அது நின்றது. போய்விட்டார் என்று நினைத்தேன். உருவம் திரும்பவும் படியில் அமர்ந்தது.

"செபத்தில ஓட்டமா ஓடுறியள். ஆறுதலாச் சொல்லுங்கோ." பிறகு, "எங்க விட்டனான்?"

"மூண்டாம் பத்து. ஏழு முடிஞ்சுது."

எட்டாவதைத் தொடங்கினார்.