இரண்டும் வலது சீட்தான்

மார்ச் 3, 2025, திங்கள். சங்கராபுரம்

மாதா கோயில் வாசலில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'நமது பங்கின் முதல் விமானி டயானா பிலிப்பு அவர்களுக்கு வாழ்த்துகள்.' எனக்குப் பின்னால் ஒரு போர் விமானம், இறக்கைக்கு அடியில் ஏவுகணைகளோடு. நான் ஓட்டியதெல்லாம் நாலு பேர் நெருக்கி உட்காருகிற செஸ்னா.

லைசென்ஸ் வாங்கிப் பதினொரு மாதம். பறந்தது இருநூற்றுப் பத்து மணி நேரம். வேலை? இல்லை. ஒரு ஏர்லைன்ஸ் எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகி, அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஃப்ளெக்ஸிலோ நாட்டைக் காக்கக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் லாரன்ஸ் சித்தப்பா, பாதிக் கோயிலுக்குக் கேட்கிற மாதிரி: "இன்னாம்மா, ப்ளேன் எங்க? ஷெட்ல நிக்குதா?"

ஈயென்று சிரித்து வைத்தேன். தாடை வலிக்கிறது.

மார்ச் 12, புதன்

வேலை கிடைத்துவிட்டது! வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன். வெள்ளிமலையில் மகளிர் குழுப் பெண்கள் ஐந்து பேருக்கு ஓட்டக் கற்றுத்தர வேண்டும். ஒரு மாதம். ட்ரோன் சான்றிதழைச் சும்மா இருந்த நாளில் வாங்கி வைத்தது, உதவிவிட்டது.

அம்மா: "தரையில நின்னுக்கினு ஓட்டுறதுக்காடி இவ்ளோ படிச்ச?"

அப்பா கள்ளக்குறிச்சி–வெள்ளிமலை பஸ் டிரைவர். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "காலைல ஆறரை வண்டி. லேட்டா வந்தா உட்டுட்டுப் போய்டுவேன்."

மார்ச் 13, வியாழன்

நிஜமாவே உட்டுட்டுப் போய்ட்டாரு.

மார்ச் 21, வெள்ளி. வெள்ளிமலை

ஐந்து பேரில் மூத்தவர் செல்லியம்மாள் அக்கா. நாற்பத்தாறு வயது. ஜாஸ்தி பேச்சு கிடையாது. முதல் நாள் ரிமோட்டைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார்.

இன்று அவர் முறை. மரவள்ளிக் கொல்லைக்கு மேலே ட்ரோன் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சரிவிலிருந்து திடீரென்று காற்று. பலாமரத்தைப் பார்த்து அப்படியே சாய்கிறது. என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. பிடுங்கினால் ட்ரோன் பிழைக்கும், ஆனால் அக்கா இனி அதைத் தொடவே மாட்டார். பிடுங்காவிட்டால்? ட்ரோனும் போகும், என் வேலையும் போகும்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மேல ஏத்துங்கக்கா. ஏத்திட்டு அப்புறம் திருப்புங்க."

ஏற்றினார். திருப்பினார். பலா இலை நாலு உதிர்ந்ததோடு சரி. பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இன்னாத்துக்கு மூச்ச அடக்கிக்கினு நிக்கிற?"

லைசென்ஸ் கையில் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு குஷி இல்லை. என்ன புத்தி இது?

ஏப்ரல் 4, வெள்ளி. பெங்களூரு

ஏர்லைன்ஸ் சிமுலேட்டர் தேர்வு, தரையிலேயே நிற்கிற போலி விமானத்தில். நடுவானில் ஒரு இன்ஜினை அணைத்துப் பார்த்தார்கள். நல்லா ஓட்டினேன் — என் நோட்டில் எனக்கே எதுக்கு அடக்கம்? தேர்வாளர் 'குட்' என்றார். வெளியே வந்தபோது சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் ஏர்லைன்ஸ் மெயில்: தேர்வாகிவிட்டேன். மதியம், வடக்கே நான் பறக்கப் படித்த பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் போன்: "இங்கே பயிற்றுநராக வருகிறாயா? அதற்கான பயிற்சியும் நாங்களே தருகிறோம்."

ஒரு வருஷமா ஒரு நாய்கூட சீண்டல. இன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு மாப்பிள்ளை வூடு.

இரண்டும் வலது சீட்தான். ஏர்லைன்ஸில் இடது பக்கம் கேப்டன் இருப்பார். பள்ளியில் இடது பக்கம், நம்மை எப்படியாவது கொன்றுவிடப் பார்க்கிற மாணவன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏன் யோசிக்கிறேன்? இந்த ஏர்லைன்ஸ் இடம் திரும்பக் கிடைக்காது, அதுவும் தெரியும். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பள்ளிக்குத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா கையில் இருந்த குருத்தோலையாலேயே ஒன்று வைத்தார். "வாத்தியார் வேலைக்கு வானத்துல ஏறணுமாடி? பி.எட். போதாதா?"

"எனக்குப் புடிச்சிருக்குதும்மா! இன்னா பண்ணச் சொல்ற?" — கத்திட்டேன். அழுதும் தொலைச்சிட்டேன். சீ.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏர்லைன்ஸுக்குப் போக பயமா இருக்குதா?"

"இல்லப்பா. அதான் பாஸ் பண்ணிட்டேனே."

"அப்ப சரி. பயந்துக்கினு உட்டாதான் பின்னால குத்தும்." துண்டில் கையைத் துடைத்தார். "லாரன்ஸ் கேட்டா இன்னா சொல்றது?"

"ப்ளேன் ஷெட்லதான் நிக்குதுன்னு சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

ஏர்லைன்ஸுக்கு 'வரவில்லை' என்று மெயில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு இரண்டு தடவை கக்கூஸ்.

பிப்ரவரி 11, 2026, புதன். விமானப் பள்ளி

இங்கே வந்து ஒன்பது மாதம். சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து மூன்றாவது மாதம். ஊரில் அப்பா இன்னும் "ட்ரெய்னிங்ல இருக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஜீவா என் முதல் மாணவி. மதுரைப் பெண். போன மாதம் வரைக்கும் தரை கிட்டே வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். இன்று தலைமைப் பயிற்றுநர் அவளோடு ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். "தனியாக அனுப்பலாம். உன் மாணவி, நீயே போய்ச் சொல்."

விமானத்தின் கதவருகே போய்ச் சொன்னேன்.

"அக்கா, நீங்க வரலையா?"

"நான் எதுக்கு, இடத்த அடைச்சுக்கிட்டு?"

நான் இல்லாத விமானம் சட்டென்று தரையை விட்டது. ஒரு சுற்று. இறங்கும்போது ஒரு குதி, இன்னொரு அரைக் குதி, அப்புறம் ஓடி நின்றது. முதல் தடவை தனியாகப் பறந்தவர்களுக்கு இங்கே வழக்கம், பையன்கள் எல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அவளை நனைத்தார்கள். சொட்டச் சொட்ட வந்து, பறந்த கணக்கு எழுதுகிற லாக்புக்கை நீட்டினாள். 'தனியாக — எட்டு நிமிடம்.' கையெழுத்துப் போட்டேன். தண்ணீர் பட்டு மை கொஞ்சம் பரவிவிட்டது.

இன்றைக்கு நான் பறக்கவே இல்லை.