முகம் பார்க்காத மிஷின்

பழவேற்காடு
11-1-1976

என் அன்பு சேகர் அண்ணாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா மூன்று முறை கேட்கச் சொன்னாள். ஒரு முறை எழுதிவிட்டேன்.

பள்ளியில் கிரேஸ் டீச்சர் பட்டிமன்றம் வைக்கிறார். ‘இயந்திரம் மனிதனை விடுவிக்கிறதா, ஆள்கிறதா?’ நான் விடுவிக்கிற கட்சி. நைலான் வலை வந்த பிறகு அம்மாவுக்கு வலை ஒட்டுப்போடும் வேலை குறைந்தது, அதனால்தான் எனக்குப் படிக்க நேரம் கிடைத்தது என்று ஆரம்பிக்கப்போகிறேன். அந்த வலை உன் கம்பெனியில் செய்வதுதானே! அங்கே அட்டையைச் செருகினால் நேரத்தைக் குத்தித் தரும் மிஷின் இருக்கிறது என்றாயே, அதைப் படம் வரைந்து அனுப்பு.

மாசி முதல் ஞாயிறு ஏரிக்குப் பாட்டுச் சீட்டு, யாருக்கு எந்த நாள் மீன்பிடி முறை என்று எடுப்பார்கள். நைனா போன பிறகு நம் பாடு உன் பேரில் இருப்பதால், பானையில் நீதான் கைவிட்டுச் சீட்டை எடுக்க வேண்டும். எடுத்தால் போதும், லோகநாதன் சித்தப்பா நம் முறையில் வலை கட்டிப் பாதி மீன் தருவார். அந்தப் பாதியில்தான் நான் பதினொன்றாம் வகுப்பு போக முடியும். “அவன் வர்லன்னா பேஜாராப் பூடும்னு எழுது” என்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன்.

உன் செல்லத் தங்கை
பூரணி

கும்மிடிப்பூண்டி
25-1-1976

பூரணிக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது.

படம் கீழே. அட்டையில் அம்புக்குறி இருக்கும் முனை உள்ளே போக வேண்டும்.

இதையும் பட்டிமன்றத்தில் சொல். முன்பெல்லாம் மேஸ்திரிதான் வருகை போடுவாராம். அவர் ஊர்க்காரன் ஒன்பது மணிக்கு வந்தாலும் எட்டுதான். நம் குப்பத்து ஆள் என்றால், “இன்னா மீன்காரே, அலை ஓஞ்சிச்சா?” என்று நக்கல் வேறு. இந்த மிஷின் யார் முகத்தையும் பார்க்காது. ஒரு நிமிஷம் பிந்தினால் யாராயிருந்தாலும் சிவப்பில் குத்தும்; ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் சிவப்பில் குத்தும். பயிற்சிக் காலத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வேலையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஊருக்கு வந்து திரும்பிய நாட்களில் ரயில் தயவில் எனக்கு இரண்டு விழுந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

சீட்டுக்குக் கட்டாயம் வருவேன்.

அண்ணன்
சேகர்

பழவேற்காடு
8-2-1976

அன்பு அண்ணாவுக்கு,

எங்கள் கட்சி ஜெயித்தது. உன் மிஷினுக்குத்தான் அதிகக் கைதட்டல். ஆனால் எதிர்க்கட்சியில் பேசிய கமர் நிஷா, “முகம் பார்க்காததுதான் நியாயம் என்றால், அழுகிற முகத்தையும் அது பார்க்காதே?” என்று கேட்டாள். நல்ல வேளை, மணி அடித்து என்னைக் காப்பாற்றிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். நம் சீட்டும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் அதைச் சுற்றி மனிதர்கள் நிற்கிறார்கள். போன வருஷம் அஞ்சம்மாள் அக்காவின் புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது, சீட்டு நடத்தும் துலுக்காணம் மாமா பானையை அவர் கட்டிலுக்கே தூக்கிக்கொண்டு போனாரே. உன் மிஷினைச் சுற்றி யார் நிற்கிறார்கள்? இதை எழுதி அனுப்பு.

ஞாயிறு காலை அம்மா இறால் வாங்கி வைப்பாள்.

உன்
பூரணி

கும்மிடிப்பூண்டி
17-2-1976

பூரணிக்கு,

ஞாயிறும் ஷிப்டு என்று சனிக்கிழமை சாயங்காலம்தான் போர்டில் போட்டார்கள். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “போறதுன்னா போப்பா, நான் இன்னா புடிச்சிக்கினா இருக்கேன்? நான் ஒண்ணும் எழுத மாட்டேன். மிஷினே குத்திக்கும்” என்று சிரித்தார்.

காலையில் பஸ்ஸுக்குத்தான் போனேன். பஸ் வந்து நின்றது. அப்போது கம்பெனிச் சங்கு ஊதியது. என் கால் தானாகத் திரும்பிவிட்டது, பூரணி. யாரும் இழுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. கேட்டுக்குள் வந்த பிறகுதான் கையில் அட்டை இருப்பதையே பார்த்தேன். கறுப்பில் குத்தியது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: அதைச் சுற்றி யாரும் நிற்பதில்லை. நின்றால் பின்னால் இருப்பவனுக்குச் சிவப்பு விழும்.

சீட்டு என்ன ஆயிற்று?

சேகர்

பழவேற்காடு
7-3-1976

அண்ணாவுக்கு,

உச்சி வரை உனக்காகக் காத்திருந்தார்கள். “கம்பெனி தொரை கார்ல வந்துகினு இருக்காரு” என்று யாரோ கிண்டல் செய்தார்கள். துலுக்காணம் மாமா மட்டும், “இருங்கடா, புள்ள வரும்” என்று பானையின் வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. கையை எடுத்துவிட்டார். அடுத்த மாசி வரைக்கும் ஏரியில் நமக்கு முறை இல்லை. அம்மா உன்னைத் திட்டவில்லை. இறாலைச் சமைத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

உங்கள் கம்பெனியில் வலை மடிக்கப் பெண்களை எடுக்கிறார்களாம். ஏஜெண்டு குப்பத்துக்கே வந்து, அட்டையில் போட என் பள்ளிப் பெயரான சம்பூர்ணத்தை எழுதிக்கொண்டு போனார். பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து நானும் வருகிறேன். விடியும் முன்பே வேன் வந்துவிடுமாம். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கிரேஸ் டீச்சர், “ஒரு வருஷம்தானே, அப்புறம் சேர்ந்துவிடலாம்” என்றார். நானும் சரி என்றேன். கமர் நிஷா அழுதாள்.

நீ கேட்டில் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். உனக்குச் சிவப்பு விழுந்துவிடும். நீ வரைந்த படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எந்த முனை உள்ளே போக வேண்டும் என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறாய்.

சம்பூர்ணம்