மஞ்சள் ஹோஸும் மூன்று ரப்பர் பேண்டும்

மார்ச் 3
கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தரும் ஸ்கூபா வகுப்பில் ஜோடி பிரித்தார்கள். எட்டுப் பேரில் எனக்கு வாய்த்தது என் நாத்தனார். இருவரையும் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டவர் என் வீட்டுக்காரர். தற்செயலாம்.

அவளோடு பேச்சு நின்று இரண்டு வருடம். 'அண்ணி எதையும் பாதியில விட்டுடுவாங்க' என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னவள். பொய்யும் இல்லை. தையல், கார், யோகா எல்லாம் பாதியில் நிற்கின்றன. அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. இதையாவது முடித்துக் காட்ட வேண்டும்.

மார்ச் 10
முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரிலிருந்து ஆளுக்கு இரண்டு ஹோஸ், அதாவது ரப்பர் குழாய். ஒன்று நம் வாய்க்கு. மஞ்சள் நிறத்தது, காற்று தீர்ந்துபோகும் ஜோடிக்கு. தொங்கவிட்டால் எதிலாவது மாட்டுமாம். எல்லோரும் மார்பருகே கிளிப்பில் செருகினார்கள். நான் மடித்து மூன்று ரப்பர் பேண்டும் போட்டேன். நாத்தனார் குறை சொல்ல இடம் கொடுப்பேனா?

மார்ச் 11
மானம் போயிற்று.

நீச்சல் குளத்தில் பயிற்சி. அவள் கழுத்தின் குறுக்கே கையை வைத்துக் காட்டினாள். காற்று இல்லை என்று அர்த்தம். மஞ்சளை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். மூட்டையாக வந்தது, அவிழவில்லை. பொறுத்துப் பார்த்தவள், என் வாயிலிருந்ததையே பிடுங்கிக்கொண்டாள். நான் பாதிக் குளத்தைக் குடித்துவிட்டு மேலே வந்தேன்.

"கட்டினது ரொம்ப அழகா இருக்கு மேடம். ஆனா அவிழ்க்கறதுக்குள்ள ஆள் போயிடும்," என்றார் பயிற்சியாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சல்.

மார்ச் 12
இனிமேல் போக மாட்டேன்.

மார்ச் 17
போனேன். வெறும் கிளிப் மட்டும். பத்துத் தடவை இழுத்தேன், பத்துத் தடவையும் வந்தது. ரப்பர் பேண்டுகள் மாவுப் பொட்டலத்துக்குப் போய்விட்டன.

ஏப்ரல் 2
கடலில் தேர்வு. பன்னிரண்டு மீட்டர் ஆழம். பயிற்சியாளர் வேறொரு ஜோடியோடு இருந்தார். தற்செயலாக அவளுடைய காற்றுமானியைப் பார்த்தேன். முள் சிவப்பில் கிடக்கிறது. சைகை காட்டவில்லை. அடிப்பாவி, என்னிடம் கேட்பதைவிடச் செத்தாலும் பரவாயில்லையா? உண்மையிலேயே பயந்துவிட்டேன். மஞ்சளை இழுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். ஒருவர் தோள்பட்டியை ஒருவர் பிடித்தபடி மெதுவாக மேலே வந்தோம். மேலே வந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை. நான் மட்டும் விட்டேனா என்ன?

படகில் பயிற்சியாளர் கேட்டார்: "யாரு முதல்ல சைகை காட்டினது?"

"இவதான்," என்றேன். கூசாமல் பொய்.

"இல்ல சார், நான் காட்டல. அண்ணியா பார்த்துக் குடுத்தாங்க."

நான் பாஸ். சைகை காட்டாததால் அவளுக்கு மறுதேர்வு. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 4
வீட்டுக்கு வந்தாள். அண்ணனிடம் மழையைப் பற்றி, வண்டி ரிப்பேரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். கிளம்பும்போது மறுதேர்வுப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். 'துணைக்கு வருபவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அன்னிக்கு நான் ஏன் கேக்கலன்னா... கேட்டா குடுப்பீங்களான்னு தெரியல அண்ணி."

பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.